ஒரு பக்கத்தை அளந்து இந்தியாவையே அளக்கப் புறப்பட்டவர்: யார் இந்த வில்லியம் லாம்டன்?

நெல்லித்தோப்பில் 200 மீட்டர் இடைவெளியில் இரண்டு மொட்டை மாடிகள். இரண்டிலிருந்தும் தூரத்தில் ஒரே தண்ணீர் தொட்டி தெரிகிறது. நடந்து போகாமல், தொட்டி எவ்வளவு தூரம் என்று சொல்ல முடியுமா? தாராளமாக முடியும்.

முதல் மாடியில் நின்று, இன்னொரு மாடிக்கும் தொட்டிக்கும் இடையே உள்ள கோணத்தைப் பார்க்க வேண்டும். 70 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது மாடியில் 80. அப்படியானால் தொட்டி இருக்கும் மூலையில் மீதி 30. இது செங்கோண முக்கோணம் இல்லை, பிதாகரஸ் உதவ மாட்டார். இங்கேதான் சைன் விதி வருகிறது. எந்த முக்கோணத்திலும் ஒரு பக்கத்தை அதன் எதிர்க்கோணத்தின் சைனால் வகுத்தால், மூன்று பக்கத்துக்கும் ஒரே விடைதான். 200-ஐ சைன் 30-ஆல், அதாவது அரையால் வகுத்தால் 400. அதை சைன் 70-ஆல் பெருக்கினால் 376. இரண்டாவது மாடியிலிருந்து தொட்டி 376 மீட்டர். அவ்வளவுதான் சங்கதி.

இந்தச் சின்னக் கணக்கை வைத்துக்கொண்டு ஒரு துணைக்கண்டத்தையே அளக்கக் கிளம்பியவர்தான் வில்லியம் லாம்டன். இங்கிலாந்தின் யார்க்‌ஷரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, ராணுவத்தில் சேர்ந்தவர். 1799-ல் திப்புவுக்கு எதிரான போரில், இரவில் படை தப்பான திசையில் போவதை நட்சத்திரங்களைப் பார்த்தே கண்டுபிடித்துச் சொன்னார். ஆர்தர் வெல்லெஸ்லியின் ஆதரவு கிடைத்தது. அளவைத் திட்டம் பிறந்தது.

எதிர்ப்பும் இருந்தது. ஸ்ரீரங்கப்பட்டணம் போக வேண்டுமானால் பல்லக்குத் தூக்கிகளிடம் சொன்னால் போதாதா, இதுக்கு எதுக்கு இவ்வளவு செலவு என்று நிதி அதிகாரி ஒருவர் கேட்டாராம்!

அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவி இங்கிலாந்திலிருந்து வரும் வழியில் கப்பலோடு பிரெஞ்சுக்காரர்களிடம் சிக்கி மொரீஷியஸ் போனது. போர்க்காலமாக இருந்தும், என்ன கருவி என்று தெரிந்ததும் அவர்கள் மரியாதையாகச் சென்னைக்கே அனுப்பி வைத்தார்கள்.

1802 ஏப்ரலில் பரங்கிமலையிலிருந்து தெற்கே, பெரும்பாக்கம் பக்கம் வரை ஏழரை மைல் அடிக்கோடு. 100 அடி எஃகுச் சங்கிலியை வெயிலில் நீளாமல் பாதுகாத்து, நகர்த்தி நகர்த்தி அளக்க 57 நாள் ஆனது. அதற்குப் பிறகு பெரும்பாலும் கோணங்கள்தான். ஒரு முக்கோணத்தில் கணக்கிட்ட பக்கம் அடுத்த முக்கோணத்துக்கு அடிக்கோடு. இப்படியே கடற்கரையோரமாக, புதுச்சேரியைத் தாண்டி, கடலூர் அருகே திருவந்திபுரம் வரை முக்கோணச் சங்கிலி நீண்டது.

இதில் ஒரு ஆபத்து உண்டு. ஒரு கோணம் கொஞ்சம் பிசகினாலும் அந்தப் பிழை அடுத்தடுத்த முக்கோணங்களுக்குப் போய்க்கொண்டே இருக்கும். அதனால்தான் 1808-ல் தஞ்சாவூரில் நடந்தது அவரை அப்படி உலுக்கியது. சுற்றிலும் சமவெளி, மலையே கிடையாது. உயரத்துக்குப் பெரிய கோயில் கோபுரத்தில் கருவியை ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி மோதி, கோணம் காட்டும் வட்டமே நெளிந்துவிட்டது. இனி அதை நம்ப முடியாது என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள். லாம்டன் கூடாரத்துக்குள் அடைந்துகொண்டு, ஆறு வாரம் திருகுகளும் ஆப்புகளும் வைத்து மில்லிமீட்டர் மில்லிமீட்டராக அதை இழுத்து நிமிர்த்தினார். அதே கருவியோடு வேலை தொடர்ந்தது.

அவருடைய உதவியாளர் ஜான் வாரன், பிரெஞ்சு வம்சாவளி. புதுச்சேரியில், சோழிகளைத் தரையில் அடுக்கியே சந்திர கிரகணத்தைக் கணித்த ஒரு தமிழரைப் பற்றி எழுதி வைத்தவர் இவர்தான். 1830-ல் இதே ஊரில்தான் காலமானார். தனிக் கட்டுரைக்கே விஷயம் உண்டு.

லாம்டன் ஓய்வு பெறவே இல்லை. எழுபது வயதை ஒட்டியும் கூடாரமும் கருவியுமாக வடக்கே நகர்ந்துகொண்டிருந்தவர், 1823 ஜனவரி 20 அன்று, நாக்பூர் போகும் வழியில் ஹிங்கன்காட்டில் இறந்தார். கல்லறையும் அங்கேயே. பொறுப்பு அவருடைய உதவியாளர் ஜார்ஜ் எவரெஸ்ட்டுக்குப் போனது. சிகரத்துக்கு வைத்தது அவர் பெயரை.