களைச்செடிக்கு வாழ்வளித்த லூதர் பர்பேங்க்

உழவர்கள் களையென்று பிடுங்கியெறிந்த ஒரு செடியிலிருந்து, பல நாட்டுத் தோட்டங்களும் விரும்பி ஏற்ற மலர்ச்செடியொன்றை உருவாக்கிய பெரியாரின் வரலாற்றை இம்மலரின் வாயிலாக மாணவச் செல்வங்களுக்கும் பெற்றோர்களுக்கும் கூற விழைகின்றோம்.

லூதர் பர்பேங்க் 1849-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 7-ஆம் நாள், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து லங்காஸ்டர் என்னும் ஊரில் உழவர் குடியில் பிறந்தார். தந்தையாருக்கு அவர் பதின்மூன்றாவது பிள்ளை. பல்கலைக்கழக வாயிலை அவர் மிதித்ததில்லை. இளமையிலேயே, உருளைக்கிழங்குச் செடியில் அரிதாகக் காய்த்த ஒரு காயின் 23 விதைகளை நட்டுச் சிறந்ததொரு கிழங்கு வகையைக் கண்டெடுத்தார். அதன் உரிமையை 150 டாலருக்கு விற்றுவிட்டு, 1875-இல் கலிபோர்னியாவின் சாந்தா ரோசா நகரில் குடியேறினார்.

அவர் பிறந்த மண்ணின் வயலோரங்களில் காட்டு டெய்சி மண்டிக் கிடந்தது. வெண்ணிற இதழ்களும் பொன்னிற நடுவும் கொண்ட சிறிய பூ. ஒருமுறை வேரூன்றினால் ஆண்டுதோறும் தழைக்கும், விதை தானே சிந்தித் தானே முளைக்கும், எருவையும் எதிர்பார்க்காது. இக்குணங்களே உழவருக்குத் தொல்லையாயின. பர்பேங்கோ அவற்றையே செல்வமாகக் கருதினார். அந்த உறுதி குன்றாமல் பூவைப் பெரிதாக்கவும், தூய வெண்மையாக்கவும் எண்ணங்கொண்டார்.

1884-இல் பணி தொடங்கிற்று. காட்டு டெய்சியோடு இங்கிலாந்து, போர்த்துக்கல் நாட்டு வகைகளை இனங்கலந்தார். பின்னர் வெண்மை மிகுந்த ஜப்பானிய வகையையும் சேர்த்தார். ஒவ்வொரு பருவத்திலும் எண்ணற்ற நாற்றுகளை வளர்த்து, மிகச் சிலவற்றை மட்டும் நிறுத்திக்கொண்டு ஏனையவற்றை அழித்தார். இவ்வாறு 17 ஆண்டுகள் கழிந்தன. 1901-இல் வெளியிட்ட அம்மலருக்குப் பனி மூடிய சாஸ்தா மலையின் பெயரைச் சூட்டினார்.

சாஸ்தா டெய்சியை வளர்ப்பது எளிது. வாடிய பூக்களைக் காம்போடு நறுக்கிவிட்டால், செடி விதை முற்றுவதில் வலிமையைச் செலவிடாது மீண்டும் அரும்பு விடும். பருவம் முடிந்ததும் தண்டுகளைத் தரையளவு வெட்டிவிடலாம். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கொருமுறை தூரைப் பிரித்து நடவேண்டும். இன்றேல் நடுப்பகுதி பட்டுப்போகும். சிந்திய விதையும் முளைக்கும். ஆயினும் அந்நாற்று தாய்ச்செடியை ஒத்திருக்குமென்று சொல்வதற்கில்லை. இரப்பர்க் கன்றுகளை ஒட்டுக்கட்டும் நம் தோட்டத்துப் பெரியோர்களுக்கு இதனை நாம் விளக்கவேண்டியதில்லை. பனியும் குளிரும் உள்ள நாடுகளிலேயே இச்செடி செழிக்குமாதலால், நம் பள்ளித் தோட்டத்தில் இதனைக் காண வாய்ப்பில்லை.

பர்பேங்க் 800-க்கும் மேற்பட்ட புதுவகைப் பயிர்களை உருவாக்கினார். எனினும் குறிப்பெழுதும் வழக்கம் அவரிடம் குறைவு. 1905 முதல் ஆண்டுக்குப் பதினாயிரம் டாலர் வழங்கிய கார்னகி நிறுவனம், முறையான பதிவேடுகள் இல்லாமையால் சில ஆண்டுகளில் அவ்வுதவியை நிறுத்திவிட்டது. அறிஞர்கள் கணக்குக் கேட்டது முறையே என்பது நம் கருத்து. அவர் கண்டறிந்த வழிகளுட் பல அவரோடு மறைந்தன, செடிகளோ நிலைத்துநின்றன.

1926-ஆம் ஆண்டு ஏப்ரல் 11-ஆம் நாள் தமது 77-ஆம் வயதில் அவர் காலமானார். சாந்தா ரோசாவில் தம் இல்லத்தின் அருகே, தாமே நட்டு வளர்த்த தேவதாரு மரத்தின் நிழலில் அவர் அடக்கம் செய்யப்பெற்றார். அவ்வில்லமும் தோட்டமும் பொதுமக்கள் கண்டுகளிக்குமாறு இன்றும் பேணப்பட்டு வருகின்றன.