இராமன் கண்ட நீலம்

சர். சி. வி. இராமன் எதிரே வந்தால் என்ன கேட்பீர்கள் என்று குச்சவெளிக் கடற்கரையில் மாணாக்கரை வினவினேன். நோபெல் பரிசுத் தொகை எவ்வளவு என்றான் ஒருவன். ஒரு சிறுமியோ, கையில் அள்ளினால் நிறமற்றிருக்கும் நீர் கடலில் மட்டும் ஏன் நீலம் என்றாள்.

வானத்தின் சாயல் என்று சொல்ல வாயெடுத்தேன். பல்லாண்டாக நான் சொல்லிவந்த விடை அதுவே. ரேலி பிரபுவும் அவ்வாறே கருதினார் என்பது எனக்குச் சிறு ஆறுதல்.

1888இல் திருச்சிராப்பள்ளியிற் பிறந்த இராமன், கல்கத்தாவில் அரசாங்கக் கணக்குத்துறை உத்தியோகத்தராய் இருந்துகொண்டே, ஓய்வு நேரமெல்லாம் ஆய்வுகூடத்திற் கழித்தவர். 1917இல் அவ்வுத்தியோகத்தைத் துறந்து, குறைந்த ஊதியத்துக்குப் பேராசிரியரானார். 1921இல் இங்கிலாந்திலிருந்து திரும்புகையில், மத்தியதரைக் கடலின் நீலம் அவரையும் இதே வினாவை எழுப்பச் செய்தது. கப்பல் தளத்தில் நின்று, நிக்கல் பட்டகம் ஒன்றினால், நீர்ப்பரப்பிற் பட்டுத் தெறிக்கும் வானொளியை விலக்கி நோக்கினார். நீலம் மறையவில்லை, முன்னினும் பொலிந்தது. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறச்செய்கின்றன என்று கண்டார். அவ்வழியே சென்று, கே. எஸ். கிருஷ்ணன் துணையோடு 1928 பெப்ரவரி 28இல் இராமன் விளைவை எட்டினார். 1930இல் பரிசு பெற்றார்.

நீர் செந்நிறக் கதிர்களை உறிஞ்சிவிடுவதே கடல்நீலத்தின் தலையாய காரணம் என்பது இன்றைய துணிபு.

மறுநாள், என் பழைய விடை பிழையென்று வகுப்பிலே சொன்னேன். அச்சிறுமி அடுத்த வினாவோடு காத்திருந்தாள்: மாரியில் மட்டும் நம் கடல் ஏன் கறுக்கிறது?