வெட்டுண்ட காலும் விலகாத ஷுக்ரும்

வெள்ளிக்கிழமைதோறும் கஹ்ஃபு சூராவை ஓதிவரும் இல்லங்கள் நம்மிடையே ஏராளம். அச்சூராவின் நடுவே, ஹிழ்ரு (அலை) அவர்களைத் தேடிச் செல்லும் மூஸா நபி (அலை) அவர்கள், இப்பயணத்தில் தாம் பெரிதும் களைத்துவிட்டதாகத் தம் உடன்வந்தவரிடம் கூறும் இடமொன்று வரும். நம் நாவு எளிதாகக் கடந்துவிடும் அந்தச் சொல்லை, தமக்கு நேர்ந்த பேரிழப்பைக் குறித்துத் தாம் சொன்ன ஒரே சொல்லாக ஆக்கிக்கொண்டவர்கள் ஹஜ்ரத் உர்வா பின் ஸுபைர் (ரஹ்) அவர்கள்.

சுவனத்து நன்மாராயம் பெற்ற பதின்மருள் ஒருவரான ஸுபைர் (ரலி) அவர்கள் இவர்களின் தந்தை. அபூபக்கர் ஸித்தீக் (ரலி) அவர்களின் மகளார் அஸ்மா (ரலி) அவர்கள் தாய். அன்னை ஆயிஷா நாயகி (ரலி) அவர்கள் சிறிய தாய். ஹிஷாம் தம் தந்தையிடமிருந்தும், அத்தந்தை ஆயிஷா நாயகியிடமிருந்தும் அறிவிப்பதாக வரும் ஸனதை, ஹதீஸ் கிதாபு ஓதியவர்கள் எத்தனையோ முறை கடந்திருப்பர். அந்தத் தந்தை இவர்களே. மதீனாவின் புகழ்பெற்ற ஏழு ஃபுகஹாக்களில் ஒருவராகவும் இவர்கள் எண்ணப்படுகிறார்கள்.

இவர்களைக் கல் நெஞ்சினர் என எண்ணிவிடலாகாது. ஹிஜ்ரி 63இல் ஹர்ராப் போர் மதீனாவைச் சூறையாடிய நாளில் தம் நூல்களை எரித்துவிட்டு, அவை தம்மிடம் இருந்திருக்கலாகாதா என்று பின்னாளில் வருந்திக்கொண்டே இருந்தார்கள். ஹிஜ்ரி 73இல் (கி.பி. 692) அண்ணன் அப்துல்லாஹ் (ரலி) அவர்களை, கலீபா அப்துல் மலிக்கின் படைத்தலைவன் ஹஜ்ஜாஜ் மக்காவில் கொன்றான். அந்த அப்துல் மலிக்கின் மகன் வலீது கலீபாவாக இருந்த காலத்தில்தான் (கி.பி. 705-715) உர்வா (ரஹ்) அவர்கள் திமிஷ்குக்குப் புறப்பட்டார்கள். அப்போது வயது அறுபதைக் கடந்திருந்தது.

வழியில் வாதில் குராவில் காலில் புண் ஒன்று தோன்றியது. திமிஷ்கை அடைவதற்குள் அது அழுகி மேலேறலாயிற்று. வெட்டி எடுக்காவிடில் உடல் முழுவதையும் கெடுத்துவிடும் என்றனர் மருத்துவர். உர்வா (ரஹ்) அவர்கள் இசைந்தார்கள். ஆனால், உணர்வை மழுங்கச் செய்யும் பானத்தை அருந்த மறுத்துவிட்டார்கள். தம் இரட்சகனை நினைக்கும் அறிவைச் சிறிது நேரமேனும் இழக்க அவர்கள் மனம் ஒப்பவில்லை. இதைக் கொண்டு, அறுவைக்கு மயக்க மருந்து ஆகாது என்று எவரும் சட்டம் சொல்லிவிடக் கூடாது. தேவைக்கு அது ஆகுமானதே. இது அவர்களுடைய தனிப்பட்ட உறுதி. தொழுகையில் நிற்கும்போதே கால் அறுக்கப்பட்டதாக மேடைகளில் கூறப்படுவதுண்டு. தஹ்லீலும் தக்பீரும் மொழிந்துகொண்டிருந்தபோது அறுக்கப்பட்டது என்றும் நம் வரலாற்று நூல்களில் காண்கிறோம். அரம் எலும்பைக் கடந்து, கொதிக்கும் எண்ணெயில் காயம் சுடப்பட்டபோது அவர்கள் மயங்கிவிட்டார்கள். தெளிந்ததும் வெட்டுண்ட பாதத்தைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்து, இதைக் கொண்டு எந்தப் பாவத்தை நோக்கியும் தாம் நடந்ததில்லை என்பதை அல்லாஹ் அறிவான் என்றார்கள்.

அதே பயணத்தில்தான் மகன் முஹம்மதும் மௌத்தானார். குதிரை லாயத்துக்குச் சென்றவரைப் பிராணியொன்று உதைத்துக் கொன்றுவிட்டது.

அந்நாட்களில் அப்ஸ் குலத்தைச் சேர்ந்த பார்வையற்ற ஒருவர் வலீதிடம் வந்தார். ஒரே இரவின் வெள்ளத்தில் மக்களையும் செல்வத்தையும் இழந்து, எஞ்சிய பச்சிளங்குழந்தையை ஓநாய்க்கும், தம் கண்களை ஒட்டகத்தின் உதைக்கும் பறிகொடுத்தவர் அவர். தம்மினும் பெரிய சோதனைக்கு ஆளானவர் உண்டென உர்வா அறியட்டும் என்று கலீபா அவரை இவர்களிடம் அனுப்பிவைத்தார்.

திரும்பும் வழியில் மீண்டும் வாதில் குராவை அடைந்தபோதுதான், மூஸா நபியின் அந்தச் சொல்லை உர்வா (ரஹ்) அவர்கள் ஓதினார்கள். பிறகு தம் இரட்சகனிடம் கணக்குப் பார்த்தார்கள். ஏழு மக்களில் ஒருவரை எடுத்துக்கொண்டு அறுவரை விட்டுவைத்தாய், கைகால் நான்கில் ஒன்றை எடுத்துக்கொண்டு மூன்றை விட்டுவைத்தாய் என்று புகழ்ந்தார்கள். போனதை எண்ணுவோர் நம்மில் பலர். இருப்பதை இப்படி எண்ணத் தெரிந்தவர் சிலரே.

நாள்தோறும் குர்ஆனில் கால் பங்கைப் பார்த்து ஓதி, இரவில் அதையே தொழுகையில் நின்று ஓதுவது அவர்களின் வழக்கம். கால் அறுக்கப்பட்ட இரவு ஒன்றே அது தவறியது. மறு இரவு மீண்டும் தொடங்கிவிட்டார்கள். ஒற்றைக் காலுடன் மதீனா வந்த பின்னும், ஹிஜ்ரி 94 அளவில் வஃபாத்தாகும் வரை, இல்மைத் தேடி வந்தோரை அவர்கள் வெறுங்கையுடன் அனுப்பியதில்லை.

அகீக் பள்ளத்தாக்கில் அவர்களுக்குத் தோட்டமும், அவர்கள் பெயராலேயே வழங்கும் கிணறும் இருந்தன. பேரீச்சை பழுக்கும் காலத்தில் தோட்டத்துச் சுவரை இடித்துத் திறந்துவிடுவார்கள். ஊராரும் வழிப்போக்கரும் நுழைந்து உண்பர், சுமந்தும் செல்வர். தாம் அதனுள் நுழையும்போது, தோட்டத்தில் புகுபவன் மாஷா அல்லாஹ் சொல்ல வேண்டும் என்று உணர்த்தும், அதே கஹ்ஃபு சூராவின் இன்னொரு வசனத்தை, வெளியே வரும்வரை திரும்பத் திரும்ப ஓதிக்கொண்டிருப்பார்கள்.