இரண்டு வயசுப் பிள்ளையோடு கப்பல் ஏறிய மாணவி!

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் சாயங்காலம் எந்தத் தெருவில் நடந்தாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். வீட்டுப் படியில் ஆச்சி உட்கார்ந்திருப்பார். மடியில் ஒரு பிள்ளை. கையில் போன். ஸ்க்ரீனில் அம்மா. "மக்ளே, அம்மைக்கு ஒரு டாட்டா காட்டு" என்று ஆச்சி கெஞ்சுவார். பிள்ளையோ போனைப் பிடுங்கி கார்ட்டூன் போடச் சொல்லும். அந்தப் பக்கம் அம்மா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைப்பார்.

பிரிட்டனில் எம்.எஸ்ஸி. மாதிரியான படிப்புக்குப் போகிறவர்கள் கணவர், மனைவி, பிள்ளைகளைக் கூட்டிப்போவதற்கு 2024 ஜனவரி முதல் பெரும்பாலும் அனுமதி இல்லை. ஆராய்ச்சிப் படிப்பு மாதிரி சிலவற்றுக்குத்தான் விலக்கு. அதனால், கைக்குழந்தை இருக்கும் பெண்ணுக்கு அட்மிஷன் லெட்டர் வந்தால் வீட்டில் சந்தோஷத்துக்கு முன்னால் ஒரு கேள்வி வந்து நிற்கிறது. பிள்ளையை யார் பார்ப்பாங்க?

இதே கேள்வியோடு 1883-ல் ஒரு பெண் கப்பல் ஏறினார். வயது கிட்டத்தட்ட 25. கணவர் இறந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. கையில் இரண்டு வயது மகள். அந்தப் பெண்ணின் பெயர் பண்டித ரமாபாய். ஸ்கூல் பாடத்தில் சமூக சீர்திருத்தவாதி என்று ஒரே வரியில் படித்துவிட்டுக் கடந்து போயிருப்போம். பிள்ளையை வைத்துக்கொண்டு வெளிநாட்டில் படித்த ஒரு அம்மாவாக அவரைப் பார்த்தால், நமக்கு ரொம்பப் பக்கத்தில் வந்துவிடுகிறார்.

நடந்தே வளர்ந்த பெண்

ரமாபாய் பிறந்தது 1858 ஏப்ரல் 23, மேற்குத் தொடர்ச்சி மலையில், இன்றைய கர்நாடகத்தில் இருக்கும் கங்காமூலா என்ற காட்டுப் பகுதியில். அப்பா அனந்த சாஸ்திரி டோங்ரே பெரிய சம்ஸ்கிருதப் பண்டிதர். அவர் செய்த ஒரே 'குற்றம்', மனைவி லட்சுமிபாய்க்கு சம்ஸ்கிருதம் சொல்லிக்கொடுத்தது. பெண்ணுக்கு அது கூடாது என்று ஊர் எதிர்த்தது. அந்த லட்சுமிபாய்தான் பிறகு மகள் ரமாவுக்குப் பாடம் சொன்னார்.

குடும்பம் கோயில் கோயிலாக நடந்தது. போகிற இடத்தில் புராணம் வாசிப்பார்கள், கிடைத்ததைச் சாப்பிடுவார்கள். தென்னிந்தியா முழுக்க அந்தக் கால்கள் அலைந்திருக்கின்றன. 1870-களில் பஞ்சம் வந்தபோது சென்னை மாகாணத்துக்குள்ளேயே அப்பா, அம்மா, அக்கா என்று ஒருவர் பின் ஒருவராகப் பசியில் இறந்துபோனார்கள். மிஞ்சியது ரமாவும் அண்ணன் ஸ்ரீநிவாசும் மட்டும்.

இரண்டு பேரும் நடந்தே வடக்கே போனார்கள். 1878-ல் கல்கத்தா. அங்கே இருந்த அறிஞர்கள் இந்த 20 வயதுப் பெண்ணின் சம்ஸ்கிருத அறிவைச் சோதித்துப் பார்த்து அசந்துபோய், 'பண்டிதா', 'சரஸ்வதி' என்று இரண்டு பட்டங்கள் கொடுத்தார்கள். 1880-ல் அண்ணனும் போய்விட்டார். அதே வருஷம் விபின் பிஹாரி மேத்வி என்ற வங்காளி வக்கீலைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். வேறு மொழி, வேறு சாதி. அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை.

1881 ஏப்ரலில் மகள் பிறந்தாள். மனோரமா என்று பெயர் வைத்தார்கள். பத்து மாதம்கூட முழுசாக முடியவில்லை, 1882 பிப்ரவரியில் காலராவில் கணவர் இறந்தார். கைக்குழந்தையோடு தனியாக நின்றார் ரமாபாய். அப்போது வயது 23.

டிக்கெட் காசு எங்கிருந்து வந்தது?

கணவன் இறந்த பிராமணப் பெண் மூலையில் உட்கார வேண்டும் என்பது அன்றைய வழக்கம். ரமாபாய் புனேவுக்குப் போய்ப் பெண்களுக்காக ஆரிய மகிளா சமாஜம் என்ற அமைப்பைத் தொடங்கினார். கல்வி பற்றி விசாரிக்க வந்த ஹன்டர் கமிஷன் முன்னால் போய், பெண்களுக்குப் பெண் ஆசிரியர்களும் பெண் டாக்டர்களும் வேண்டும் என்று சாட்சி சொன்னார்.

அந்த டாக்டராகத் தானே ஆகிவிட்டால் என்ன என்ற எண்ணம் அவருக்குள் ஓடியது. அதற்கு இங்கிலாந்து போக வேண்டும். காசுக்கு ஒரு வழி கண்டுபிடித்தார். பெண்களுக்காக மராத்தியில் 'ஸ்த்ரீ தர்ம நீதி' என்ற புத்தகம் எழுதினார். அது விற்ற பணம் கப்பல் டிக்கெட்டுக்கு உதவியது.

தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் ஒரு ஏற்பாடு. இங்கிலாந்தில் வான்டேஜ் என்ற சின்ன ஊரில் இருந்த ஆங்கிலிக்கன் கன்னியர் மடத்தில் தங்கிக்கொள்ளலாம். பதிலுக்கு, இந்தியாவுக்கு வரப்போகும் சிஸ்டர்களுக்கு மராத்தி சொல்லித்தர வேண்டும். இப்போது வெளிநாட்டில் படிக்கும் பிள்ளைகள் பகலில் கிளாஸ், ராத்திரி சூப்பர் மார்க்கெட்டில் பார்ட் டைம் என்று ஓடுகிறார்களே, ரமாபாயின் பார்ட் டைம் மொழிப் பாடம்.

1883 ஏப்ரலில் மனோரமாவோடும் ஆனந்திபாய் பகத் என்ற தோழியோடும் கப்பல் ஏறினார். அதே மாதம்தான் இன்னொரு மராத்திப் பெண்ணும் கல்கத்தாவிலிருந்து அமெரிக்காவுக்கு மருத்துவம் படிக்கப் புறப்பட்டார். அவர் ஆனந்திபாய் ஜோஷி. ரமாபாய்க்கு உறவும்கூட.

போன இடத்தில்...

போய் இறங்கிய கொஞ்ச மாதத்திலேயே பெரிய அடி. கூட வந்த தோழி மனநிலை குலைந்து தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். தெரியாத ஊர், சரியாகப் பேச வராத மொழி, குளிர், துணைக்கு வந்தவரும் இல்லை. பக்கத்தில் இரண்டு வயதுப் பிள்ளை மட்டும். இந்த நிலையில் அந்த 1883 செப்டம்பர் 29 அன்று ரமாபாயும் மகளும் ஞானஸ்நானம் பெற்றார்கள். இந்தியாவில் பெரிய புயல் கிளம்பியது. அதுவரை அவரைக் கொண்டாடிய பலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

அடுத்த அடி உடம்பிலிருந்து வந்தது. ரமாபாய்க்குக் காது கேட்பதில் பிரச்னை. மருத்துவப் படிப்புக்கு அது தடையாகிவிட்டது. எந்தக் கனவுக்காகக் கடல் தாண்டி வந்தாரோ, அது வந்த இடத்திலேயே முடிந்துபோனது.

அவர் திரும்பிப் போகவில்லை. பாதையை மாற்றினார். 1884-ல் செல்ட்டன்ஹாம் லேடீஸ் காலேஜில் சேர்ந்தார். பெண் கல்விக்குப் பேர்போன டோரதியா பீல் அங்கே பிரின்சிபால். ரமாபாய் அங்கே ஆங்கிலம், கணக்கு, அறிவியல் படித்தார். அதே காலேஜில் சம்ஸ்கிருதம் கற்றும் கொடுத்தார்.

மனோரமா? அவளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு பெரும்பாலும் வான்டேஜ் சிஸ்டர்கள் கையில் இருந்தது. இரண்டு ஊருக்கும் நடுவில் கிட்டத்தட்ட நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகிற தூரம். வீடியோ கால் இல்லை. கடிதம்தான்.

பிள்ளை யாருடைய பிள்ளை?

ரமாபாய்க்கும் அவரை ஆதரித்த சிஸ்டர் ஜெரால்டினுக்கும் நடந்த கடிதப் போக்குவரத்து பிறகு புத்தகமாகவே வந்தது. அதில் இறைநம்பிக்கை பற்றிய வாதங்கள் நிறைய. கூடவே ஒரு தாயின் சண்டையும் ஓடிக்கொண்டே இருக்கிறது.

சிஸ்டர்கள் மனோரமாவை அன்பாகத்தான் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் அவர்கள் முறைப்படி வளர்த்தார்கள். புரியாத வயதில் கடினமான மதக் கோட்பாடுகளைப் பிள்ளை மனப்பாடம் செய்வதில் ரமாபாய்க்கு உடன்பாடு இல்லை. முதலில் புரியட்டும், பிறகு நம்பட்டும் என்பது அவர் பக்கம். இன்னொரு பயமும் இருந்தது. மகள் அப்படியே இங்கிலாந்துக்காரியாக மாறி, நாளைக்குத் தன்னை இந்தியப் பெண் என்று சொல்லிக்கொள்ளவே கூச்சப்படுவாளோ என்ற பயம். அப்படி ஆகவே கூடாது என்பதில் உறுதியாக இருந்தார்.

சாப்பாட்டிலும் உரசல். ரமாபாய் கடைசிவரை சைவம். முட்டை சேர்த்த பலகாரத்தைக்கூடத் தொடமாட்டார். சிஸ்டர்களுக்கு அது பழைய சாதிப் பெருமையாகத் தெரிந்தது. ரமாபாய்க்கோ அது தன் விருப்பம், அவ்வளவுதான்.

அவர் ஆண்களுக்குப் பாடம் எடுக்கலாமா என்று ஒரு பேச்சு வந்தபோது, இந்தியாவில் இருந்த பிஷப்புகள் அது கூடாது என்றார்கள். தன் நாட்டில் ஆண்கள் நிறைந்த சபைகளில் நின்று பேசிய பெண் அவர். சுதந்திர நாடு என்று நம்பி வந்த இடத்திலும் இதே கட்டுப்பாடா என்று கொதித்தார்.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். ரமாபாய் தங்கியது அவர்கள் வீட்டில், சாப்பிட்டது அவர்கள் சாப்பாடு, பிள்ளையையும் அவர்கள்தான் பார்த்துக்கொண்டார்கள். இவ்வளவு உதவி வாங்கும்போது வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் எளிது. ரமாபாய் நன்றியையும் சொன்னார், கேள்வியையும் கேட்டார். பிள்ளையை யார் தூக்கி வளர்த்தாலும், அவள் எப்படி வளர வேண்டும் என்று முடிவெடுக்கும் உரிமையை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

அவராலும் முடியாத ஒன்று

1886-ல் ஆனந்திபாய் ஜோஷி ஃபிலடெல்ஃபியாவில் டாக்டர் பட்டம் வாங்கினார். அதைப் பார்க்க ரமாபாய் மனோரமாவோடு அமெரிக்கா போனார். பட்டமளிப்பு மார்ச் 11. போன இடத்தில் அமெரிக்கா அவரைப் பிடித்துக்கொண்டது. சின்னப் பிள்ளைகளுக்கு விளையாட்டோடு பாடம் சொல்லும் கிண்டர்கார்ட்டன் முறையைக் கற்றார். ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 1887-ல், உயர்சாதி இந்துப் பெண்ணின் நிலையைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் எழுதினார். பாஸ்டனில் அவர் பெயரிலேயே ஒரு சங்கம் உருவாகி, இந்தியாவில் அவர் தொடங்கப்போகும் பள்ளிக்குப் பத்து வருஷம் பணம் தருவதாக ஒப்புக்கொண்டது.

இவ்வளவு அலைச்சலில் பிள்ளையைக் கூடவே வைத்துக்கொள்ள முடியவில்லை. மனோரமாவைத் திரும்ப இங்கிலாந்துக்கு, அதே வான்டேஜ் சிஸ்டர்களிடம் அனுப்பினார். யாரோடு அவ்வளவு வாதாடினாரோ, அவர்களை நம்பித்தான். பெண்ணுக்கு அப்போது ஐந்து வயதுதான். அம்மாவும் மகளும் மறுபடி ஒன்றுசேர்ந்தது 1889-ல், இந்தியாவில்.

ஆக, ரமாபாயும் 'எல்லாத்தையும் சமாளித்த சூப்பர் மாம்' இல்லை. சில வருஷங்களை அவரும் தவறவிட்டார். அதை மறைத்துவிட்டு அவரைப் பெரிய மனுஷியாகக் காட்டினால், இன்றைக்கு விமான நிலையத்தில் அழுதுகொண்டே செக்-இன் பண்ணுகிற பெண்ணுக்கு அவர் கதையால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

திரும்பி வந்த பிறகு

1889 மார்ச் 11 அன்று பம்பாய் சௌபாத்தியில் சாரதா சதன் என்ற பள்ளியைத் தொடங்கினார். முக்கியமாக இளம் விதவைகளுக்கு. அங்கே சேர்ந்த முதல் விதவை மாணவி கோதுபாய். பிறகு சீர்திருத்தவாதி கார்வேயை மணந்து ஆனந்திபாய் கார்வே ஆனவர் அவர்தான். அடுத்த வருஷம் பள்ளி புனேவுக்கு மாறியது. மாணவிகளை மதம் மாற்றுகிறார் என்று எதிர்ப்பும் கிளம்பியது. திலகரின் 'கேசரி' பத்திரிகை கடுமையாக எழுதியது.

1896-97-ல் பஞ்சம் வந்தபோது ரமாபாய் மத்திய இந்தியாவுக்கே போய், ஆதரவில்லாத பெண்களையும் பிள்ளைகளையும் கூட்டிவந்தார். பசியில் தாய் தகப்பனைப் பறிகொடுத்தவருக்கு அந்த முகங்களைத் தெரியாதா? புனே அருகே கேட்காவ்னில் அவர் உருவாக்கிய முக்தி இல்லத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் தங்கினார்கள். தையல், நெசவு, விவசாயம், அச்சுக்கூடம் என்று ஆளுக்கு ஒரு தொழில் கற்றார்கள்.

மனோரமா என்ன ஆனாள்? வளர்ந்து அமெரிக்காவில் போய்ப் படித்தார். திரும்பி வந்து அம்மாவுக்கு வலது கையாக நின்றார். சாரதா சதன் பள்ளிக்குப் பொறுப்பேற்றார். வேலை பார்த்துக்கொண்டே பி.ஏ. முடித்தார். குல்பர்காவில் பெண்களுக்காக இன்னொரு பள்ளி திறக்கவும் உதவினார். தன்னை இந்தியப் பெண் என்று சொல்லக் கூச்சப்படுவாளோ என்று அம்மா பயந்தாரே, அந்தப் பெண் தன் வாழ்க்கை முழுவதையும் இந்தியப் பெண்களுக்கே கொடுத்தார்.

தனக்குப் பிறகு மகள்தான் என்று ரமாபாய் நம்பியிருந்தார். 1921 ஜூலை 24 அன்று, 40 வயதில் மனோரமா இறந்துபோனார். ஒன்பது மாதம்கூடத் தாங்கவில்லை. 1922 ஏப்ரல் 5 அன்று ரமாபாயும் கண்ணை மூடினார்.

மறுபடி நம்ம ஊர்த் தெருவுக்கு வருவோம். ஆச்சி மடியில் பிள்ளை தூங்கிவிட்டது. போனில் அம்மா இன்னும் லைனில்தான் இருக்கிறார். இன்றைக்கு என்ன சாப்பிட்டான், யார் குளிப்பாட்டினாங்க, மொபைல் எவ்வளவு நேரம் பார்த்தான் என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார். "எல்லாம் நான் பாத்துக்கிடுதேன், நீ படி" என்று ஆச்சிக்குக் கொஞ்சம் கோபம்கூட வருகிறது.

கேட்கட்டும் ஆச்சி. கேட்கிற உரிமை அவளுக்கு இருக்கு.