சிறுகுலத்தில் தோன்றிய பேரரசர்

ஐரோப்பாவின் மேற்குக் கோடியிலுள்ள தீவு அயர்லாந்து. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்குச் சிற்றரசர் பலர் தம்முள் ஓயாது போரிட்டனர். கடல் கடந்து வந்த வைக்கிங்கர் டப்ளின், லிமரிக் துறைமுகங்களில் நிலைபெற்றிருந்தனர். அக்காலத்தே ஷானன் ஆற்றங்கரையில் சிறுகுலம் ஒன்றில் தோன்றிய பிரையன் போருவின் வரலாற்றை நாம் காண்போம்.

தென்பகுதியாகிய மன்ஸ்டரை ஆண்ட அவர்தம் அண்ணனைப் பகைவர் 976இல் வஞ்சகமாய்க் கொன்றனர். பிரையன் மனம் தளர்ந்தாரல்லர். 978இல் அப்பகைவரை வென்று அரியணை ஏறினார்.

தீவின் பேரரசுப் பட்டம் நெடுங்காலமாக வடக்கிலுள்ள நீல் மரபினர்க்கே உரியதாயிருந்தது. அம்மரபின் மன்னர் மாலக்கி 1002இல் பிரையனுக்குப் பணிந்தார். பேரரசரான பிரையன் 1005இல் அர்மா தேவாலயத்திற்கு 20 அவுன்சு பொன்னைக் காணிக்கையாக்கினார்.

ஆயினும் ஒற்றுமை நிலைக்கவில்லை. லென்ஸ்டர் அரசர் வைக்கிங்கரோடு சேர்ந்து எதிர்த்தார். 1014 ஏப்ரல் 23, பெரிய வெள்ளியன்று, குளோன்டார்ப் என்னுமிடத்தில் கடும்போர் மூண்டது. பிரையனின் படை வென்றது. ஆனால் முதியவரான அவரும், அவர்தம் மகனும், பேரனும் மாண்டனர். பேரரசு மீண்டும் மாலக்கியின் கைக்குச் சென்றது. பிரையனின் வழிவந்தோர் ஓ பிரையன் எனப் பெயர்பெற்றனர்.

மாணவச் செல்வங்களே! சிறுகுடியிற் பிறத்தல் உயர்வுக்குத் தடையன்று. ஆனால் ஒருவரது வலிமையால் மட்டும் அமைந்த ஒற்றுமை அவரோடே மறையும். அனைவரும் மனமுவந்து காக்கும் ஒற்றுமையே நிலைக்கும் என்பதை நாம் உணர்வோமாக.