இரு பொறிக்கும் ஒரு மொழி

கிரேஸ் ஹாப்பர் அம்மையார் 1906ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் அமெரிக்காவின் நியூயார்க் நகரில் பிறந்தார். சிறுமியாக இருந்தபோது, அலாரம் கடிகாரம் எவ்வாறு இயங்குகிறது என்பதை அறிய விரும்பினார். வீட்டிலிருந்த ஏழு கடிகாரங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பிரித்துப் போட்டார். அதனைக் கண்ட அன்னை, இனி ஒரு கடிகாரத்தை மட்டுமே பிரிக்கலாம் என்று வரையறுத்தார்.

கணிதத்தில் ஆர்வம் மிக்க ஹாப்பர், 1934ஆம் ஆண்டு யேல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். வாசர் கல்லூரியில் பேராசிரியராகப் பணியாற்றினார். இரண்டாம் உலகப்போரின்போது கடற்படையில் சேர்ந்தார். 1944ஆம் ஆண்டு ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த மார்க் 1 என்னும் பெருங்கணிப்பொறிக்கு நிரல் எழுதும் பணி அவருக்கு அளிக்கப்பட்டது.

போருக்குப் பின், யூனிவாக் கணினியை உருவாக்கிய நிறுவனத்தில் 1949இல் சேர்ந்தார். அக்கணினியில் ஏறத்தாழ 5000 வெற்றிடக் குழல்கள் இருந்தன. அக்காலத்தில் கணினிக்குரிய கட்டளைகளை எண்களும் குறியீடுகளுமாகவே எழுத வேண்டியிருந்தது. ஒவ்வொரு வகைக் கணினிக்கும் அக்குறியீடுகள் வேறுபட்டன.

இரு மொழியினரிடையே மொழிபெயர்ப்பாளர் நிற்பதுபோல, மனிதருக்கும் கணினிக்கும் இடையே ஒரு நிரல் நின்று உதவலாம் என ஹாப்பர் எண்ணினார். 1952இல் அத்தகைய நிரலை உருவாக்கினார். கணினி கணக்கு மட்டுமே போடும் என நம்பிய பலர் அதனை ஏற்கவில்லை. அவர் தளரவில்லை. ஆங்கிலச் சொற்களால் கட்டளையிடும் புளோமேட்டிக் என்னும் மொழியையும் தம் குழுவினருடன் படைத்தார்.

1950களின் இறுதியில் டிரான்சிஸ்டர் கணினிகள் வந்தன. டிரான்சிஸ்டர் அளவில் சிறியது, குறைந்த மின்சாரத்தில் இயங்குவது, வெப்பமும் குறைவு. எனினும், பழைய கணினிக்கு எழுதிய நிரல் புதியதில் இயங்கவில்லை. கணினியை மாற்றினால் பல்லாண்டு உழைப்பு வீணாகும் நிலை ஏற்பட்டது.

ஆகவே, 1959இல் கணினி உற்பத்தியாளரும் பயன்படுத்துவோரும் அரசினரும் கூடிப் பொதுமொழி ஒன்றை உருவாக்க முனைந்தனர். அதுவே கோபால் மொழி. ஹாப்பர் அதற்கு ஆலோசகராக விளங்கினார். அவரது புளோமேட்டிக் மொழியே அதற்குப் பெரிதும் அடிப்படையாயிற்று. 1960 டிசம்பரில் இம்மொழி சோதிக்கப்பட்டது. ஏறக்குறைய ஒரே நிரல், வெற்றிடக் குழல்களைக் கொண்ட யூனிவாக் 2 கணினியிலும், டிரான்சிஸ்டர்களால் ஆன ஆர்.சி.ஏ. 501 கணினியிலும் இயங்கியது. பொறி மாறினும் உழைப்பு அழியாது என்பது உறுதியாயிற்று.

கடற்படையில் ரியர் அட்மிரல் பதவி வரை உயர்ந்த ஹாப்பர், 1986இல் தம் 79ஆம் வயதில் ஓய்வு பெற்றார். 1992ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் மறைந்தார். அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்று அவர் பெயரைத் தாங்கியுள்ளது. அன்றைய வெற்றிடக் குழல் கணினிகள் இன்று பயன்பாட்டில் இல்லை. கோபால் மொழியில் எழுதிய நிரல்களோ வங்கிகளில் இன்றும் இயங்கி வருகின்றன.