தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போன கணக்கு

நம்ம வீடுகளில் யாராவது பெரிய விபத்தில் பிழைத்து வந்தால் பெரியவங்க சொல்றது ஒன்னுதான்: தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு. கோயிலுக்குப் போய் ஓர் அர்ச்சனை, அதோடு பேச்சு முடிந்தது. ஹியூ டீஹேவன் என்ற அமெரிக்கர் அதோடு விடவில்லை. தலை எப்படித் தப்பியது, அந்தத் தலைப்பாகை சரியாக என்ன வேலை செய்தது என்று வாழ்நாள் முழுக்கத் துருவிக்கொண்டே இருந்தார்.

1895-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர். கார்னெல், கொலம்பியா பல்கலைக்கழகங்களில் கொஞ்ச காலம் படித்தார். முதல் உலகப் போரில் விமானம் ஓட்ட ஆசைப்பட்டார், அமெரிக்க ராணுவம் எடுத்துக்கொள்ளவில்லை. ஆள் விடவில்லை. கனடாவுக்குப் போய் அங்கிருந்த ராயல் ஃபிளையிங் கோர்ப்ஸில் சேர்ந்துவிட்டார். டெக்சஸில் பயிற்சி நடந்தபோது அவருடைய விமானம் நடுவானில் இன்னொரு விமானத்தோடு மோதியது. அவர் ஒருவர்தான் பிழைத்தார். கல்லீரல், கணையம், பித்தப்பை எல்லாம் கிழிந்து பல மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

பார்க்க வந்தவர்கள் எல்லாம் அதிசயம், அதிர்ஷ்டம் என்றார்கள். இவருக்கு அது ஒத்துவரவில்லை. தன் உடம்பில் இருந்த காயங்களையே ஓர் இன்ஜினியர் மாதிரி பார்த்தார். விமானி உட்காரும் இடம் நொறுங்காமல் அப்படியே இருந்தது. அதனால்தான் உயிர் தப்பியது. வயிற்றைக் கிழித்ததோ இடுப்பு வாரின் பெரிய பக்கிள். காப்பாற்றுவதற்குக் கட்டிய வாரே குத்தியிருக்கிறது! அப்படியென்றால் காயம் என்பது விதி எழுதியது இல்லை, ஒரு டிசைனர் எழுதியது. எனக்கு இந்த இடம்தான் அவர் வாழ்க்கையிலேயே ரொம்ப முக்கியமாகத் தெரிகிறது. மற்றதெல்லாம் இதிலிருந்து வந்தவைதான்.

போருக்குப் பிறகு பல கருவிகளைக் கண்டுபிடித்து, நல்ல பணம் சேர்த்து, சீக்கிரமே ஓய்வும் பெற்றுவிட்டார். ஆனால் அந்தப் பழைய கேள்வி அவரை விடவில்லை. வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டு முட்டைகளைக் கீழே போட ஆரம்பித்தார். தரையில் ரப்பர் மெத்தை. எவ்வளவு உயரத்திலிருந்து போட்டால், எவ்வளவு தடிமன் இருந்தால் முட்டை உடையாது? வீட்டில் இருந்தவங்க என்ன நினைச்சிருப்பாங்களோ!

அடுத்து மனிதர்கள். உயரமான கட்டடங்களிலிருந்து விழுந்தும் பிழைத்தவர்களின் விவரங்களைத் தேடிச் சேகரித்தார். 50 அடியிலிருந்து 150 அடி வரை விழுந்து தப்பிய 8 பேரைப் பற்றி 1942-இல் கட்டுரை எழுதினார். அதில் ஒரு பெண் 17-வது மாடியிலிருந்து, 144 அடி விழுந்தவர். விழுந்த இடத்தில் தகரத்தால் ஆன ஒரு காற்றோட்டப் பெட்டி. அது ஓர் அடியிலிருந்து ஒன்றரை அடி வரை நசுங்கிவிட்டது. அந்தப் பெண் நினைவு தப்பாமல் எழுந்து உட்கார்ந்து, தன் அறைக்குப் போக வேண்டும் என்று கேட்டாராம்.

இதை ஐந்தாம் படிவப் பௌதிகத்திலேயே கணக்குப் போடலாம். விழுந்த உயரத்தை, நிற்பதற்குக் கிடைத்த தூரத்தால் வகுத்தால் போதும். 144 அடியை ஒன்றரை அடியால் வகுத்தால் 96. அதாவது சராசரியாகப் புவியீர்ப்பைப் போல 96 மடங்கு. அதே பெண் சிமெண்டுத் தரையில் விழுந்து ஓர் அங்குலத்துக்குள் நின்றிருந்தால் ஆயிரத்தைத் தாண்டியிருக்கும். இதுதான் தலைப்பாகை செய்யும் வேலை: தான் நசுங்கி, தலைக்கு நிற்க இடம் கொடுப்பது. விசை உடம்புக்குக் குறுக்காக, ரொம்பக் கொஞ்ச நேரத்துக்கு வந்தால் 200 மடங்கு வரைக்கும் மனித உடம்பு தாங்கும் என்று டீஹேவன் முடிவுக்கு வந்தார்.

அதே ஆண்டில் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் விபத்துக் காய ஆராய்ச்சித் திட்டத்தைத் தொடங்கினார். முதலில் விமானங்கள், 1950-களில் கார்கள். விபத்து ஏன் நடந்தது என்று கேட்பதற்குத்தான் போலீஸ் இருக்கிறதே. இவர்கள் கேட்டது, உள்ளே இருந்தவர் எதில் மோதிக் காயப்பட்டார் என்பதை. மோதும்போது கார்க் கதவு திறந்து ஆள் வெளியே எறியப்படுவது பெரிய ஆபத்து என்று தெரிந்தது. கார் நிறுவனங்கள் கதவுப் பூட்டை மாற்றின.

மனிதர்களைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி பேக்கிங் பண்ண வேண்டும் என்பதுதான் அவர் வாதம். பெட்டி திறந்துகொள்ளக் கூடாது, பெட்டி உள்பக்கம் நசுங்கக் கூடாது, உள்ளே இருக்கும் பொருள் ஆடக் கூடாது, சுற்றிலும் மெத்தென்று இருக்க வேண்டும். நம்ம பையன்கள் மோட்டாரில் போகும்போது அவங்களுக்கு இருக்கும் ஒரே பெட்டி ஹெல்மெட்தான். வாரைப் பூட்டாமல் சும்மா தலையில் வைத்துக்கொண்டு போவது, பெட்டியை மூடாமல் கண்ணாடியைத் தபாலில் அனுப்புவது மாதிரி. எத்தனை இறப்பு வீட்டில், போற நேரம் வந்துருச்சு, போயிட்டான் என்று சொல்லக் கேட்டிருக்கிறோம்! புது வண்டிக்குப் பூசை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பதை நான் குறை சொல்லவே மாட்டேன். எங்க வீட்டிலும் வைக்கிறோம். ஆனால் 96 மடங்கு விசையோடு எலுமிச்சம்பழம் பேரம் பேசாது.

தோள், இடுப்பு இரண்டையும் பிடிக்கும் மும்முனை வார் ஒன்றுக்கு டீஹேவனும் ரோஜர் கிரிஸ்வோல்டும் சேர்ந்து 1955-இல் காப்புரிமை பெற்றார்கள். அதைவிட எளிமையாக, ஒரே கையால் மாட்டக்கூடிய வாரை 1959-இல் கொண்டுவந்தவர் வால்வோவின் நில்ஸ் போலின். பெயர் அவருக்குப் போய்விட்டது. எனக்கு அதில் சின்ன வருத்தம்தான், ஆனால் போலினுடைய வார் உண்மையிலேயே நல்ல டிசைன்.

டீஹேவன் 1980-இல், 84 வயதில் காலமானார். மலேசியாவில் முன் இருக்கைக்கு வார் கட்டாயமானது அதற்கு முந்தைய ஆண்டு. பின் இருக்கைக்கு 2009 வரை ஆனது. எங்க காரில் பின்னாடி இருக்கும் பக்கிள் எல்லாம் சீட்டுக்கு அடியில் செருகிக் கிடந்தன. போன மாதம்தான் தோண்டி வெளியே எடுத்தேன். பாட்டிக்கு வயிற்றை அழுத்துதாம். வார் வயிற்றில் இருக்கக் கூடாது, இடுப்பு எலும்பின் மேல் இறங்கி இருக்க வேண்டும் என்று இழுத்துச் சரிசெய்து விட்டேன். ஏன் என்று கேட்டாங்க. டெக்சஸ் கதையைச் சொல்லிக்கொண்டே கோயில் வரைக்கும் ஓட்டினேன்.